கோ பலகை லைப்ரரி: கையால் எண்ணினால் வெள்ளை வெற்றி, கணினி எண்ணினால் கறுப்பு வெற்றி

ஹட்டன்_பலகை:

கோ என்ற பலகை விளையாட்டுக்கு (கறுப்பு, வெள்ளைக் காய் வைத்து இடம் வளைப்பது), 9×9 பலகையில், பைதானில் ஒரு சின்ன லைப்ரரி எழுதுறேன். தரம் 8, 9 பிள்ளைகளின் விளையாட்டுக் கழகத்துக்கு. திரை வேலையை இன்னொருவர் பார்க்கிறார். காய் வைப்பது, பிடிப்பது, கடைசியில் எண்ணுவது, ஆட்டத்தை எஸ்ஜிஎஃப் கோப்பாகச் சேமிப்பது, இவ்வளவும் என் பங்கு. நிரல் ஓடுது, எண்ணிக்கைதான் உதைக்குது.

முதல்ல ஒரு சொல் விஷயம். தமிழில் எழுதினால் விளையாட்டும் கோ, பிடித்ததை உடனே திருப்பிப் பிடிக்கக் கூடாது என்ற விதியும் கோ. குழம்பாமல் இருக்க விதியை ‘மீள்பிடி’ என்று எழுதுறேன். காயை ஒட்டிய காலிப் புள்ளி ‘மூச்சு’. ஒட்டிக்கிடக்கிற ஒரே நிறக் காய்கள் ‘தொகுதி’.

இனி ஆட்டம். கறுப்பு 28 காய் வைத்தது, வெள்ளை 27. கடைசிக் காய் கறுப்பு. பிறகு ரெண்டு பேரும் பாஸ் (காய் வைக்காமல் முறையை விடுவது). இடையில் பிடிபட்டதும், முடிவில் செத்த காய் (இனித் தப்ப வழியில்லாதது) என்று எடுத்ததும் சேர்த்து கறுப்பு இழந்தது 3, வெள்ளை இழந்தது 5. பலகையில் மிச்சம் கறுப்பு 25, வெள்ளை 22. காலி இடம் 34, அதில் கறுப்பு வளைத்தது 19, வெள்ளை வளைத்தது 15. கொமி (ரெண்டாவதாக ஆடும் வெள்ளைக்குக் கூட்டும் புள்ளி) 6.5. பிள்ளைகள் பலகையில் எண்ணினால் வெள்ளை 0.5 ஆல் வெல்லுது. லைப்ரரி கறுப்பு 0.5 ஆல் வென்றது என்குது. வெல்பவரே மாறுவதால்தான் இங்கே கேட்கிறேன்.

இன்னொரு ஆட்டத்தில் வித்தியாசம் 13 புள்ளி! ஒரு மூலையில் கறுப்பு வளைத்த 12 புள்ளிக்குள்ளே ஒரேயொரு வெள்ளைக் காய் செத்துக் கிடந்தது. மற்றபடி எல்லாம் சரி.

மூன்றாவது: வெள்ளை ஒரு கறுப்புக் காயைப் பிடிக்குது. கறுப்பு அதே புள்ளியில் வைத்தால் மூன்று வெள்ளையைப் பிடிக்கலாம். என் நிரல் ‘மீள்பிடி, கூடாது’ என்று மறுக்குது. அது பிழை என்று தெரியுது, எங்கே பிழை என்று தெரியல.

ஆய்வுகூடக் கணினிகள் விண்டோஸ் 7, இணையம் இல்லை.

---

நானுஓயா_எண்ணி:

டீச்சர், முதல் ஆட்டத்தில் உங்க நிரலும் சரி, பிள்ளைகளும் சரி. ரெண்டு பேரும் வேறு வேறு விதியில எண்ணுறாங்க.

பிள்ளைகள் எண்ணுவது ஜப்பானிய முறை, அதாவது நில எண்ணிக்கை. வளைத்த காலி இடத்தோட எதிராளி இழந்த காயைக் கூட்டுவது. கறுப்பு 19 + 5 = 24, வெள்ளை 15 + 3 = 18. கறுப்பு 6 முன்னால, கொமி 6.5 போனால் வெள்ளை அரைப் புள்ளியில் வெற்றி.

உங்க லைப்ரரி எண்ணுவது சீன முறை, பரப்பு எண்ணிக்கை. வளைத்த இடத்தோட பலகையில் உயிரோடு நிற்கிற காயைக் கூட்டுவது. பிடித்த காய்க்குக் கணக்கே இல்லை. கறுப்பு 19 + 25 = 44, வெள்ளை 15 + 22 = 37. வித்தியாசம் 7, கொமி போனால் கறுப்புக்கு 0.5.

அந்த 1 எங்கிருந்து வருது? பலகையில் நிற்கிற கறுப்புக் காய் என்பது கறுப்பு வைத்ததில் இழந்ததைக் கழித்தது. அதைப் பரப்புக் கணக்கில் போட்டுப் பாருங்க, இப்படி வரும்:

பரப்பு வித்தியாசம் − நில வித்தியாசம் = கறுப்பு வைத்த காய் − வெள்ளை வைத்த காய்

உங்க ஆட்டத்தில் 7 − 6 = 28 − 27. கடைசிக் காயைக் கறுப்பு வைத்தால் 1, வெள்ளை வைத்தால் 0. நடுவில் யாராவது பாஸ் சொல்லியிருந்தால் அதுக்கேற்ப மாறும். கைகொடுப்பாக (பலம் குறைந்தவருக்குச் சலுகையாக) முன்கூட்டி வைத்த காய்களையும் ‘கறுப்பு வைத்த காய்’ கணக்கில் சேர்க்கணும்.

இந்தச் சமன்பாட்டை அப்படியே டெஸ்ட்டாக்குங்க. கண்டபடி காய் வைக்கிற 1000 ஆட்டத்தை ஓடவிட்டு, எல்லாக் காயும் உயிர் என்று வைத்து ரெண்டு முறையிலும் எண்ணி, ஒவ்வொரு ஆட்டத்திலும் சமன்பாடு நிற்குதா பாருங்க. ஒரு ஆட்டத்தில் உடைந்தாலும் எண்ணும் பகுதியைச் சந்தேகப்பட வேண்டாம். பிடித்த காய்க் கணக்குதான் பெரும்பாலும் குற்றவாளி: ‘ஒரு நகர்வு பின்னால’ பொத்தான் காயைத் திருப்பி வைத்திருக்கும், பிடித்த எண்ணிக்கையைக் குறைக்க மறந்திருக்கும்.

ரெண்டாவது ஆட்டத்தில் செத்த காயை எடுக்காமலே எண்ணியிருக்கீங்க. காலி இடத்தை நிரப்பிக்கொண்டு போகும் நிரல், அந்த 11 காலிப் புள்ளியும் கறுப்பையும் தொடுது, வெள்ளையையும் தொடுது என்று பார்த்து, யாருக்கும் இல்லை என்று விட்டுடும். கறுப்புக்கு 12 போச்சு, செத்த காய்க்காக வெள்ளைக்கு 1 வந்தது. கூட்டினால் 13. எண்ணும் ஃபங்ஷனுக்கு ‘செத்த காய்கள்’ என்று தனியாக ஒரு உள்ளீடு வைங்க. முதலில் பலகையின் நகலில் அவற்றை நீக்கி, எதிராளி பிடித்த கணக்கில் சேர்த்து, அதுக்குப் பிறகு காலி இடத்தை நிரப்புங்க. மூலப் பலகையில் கை வைக்காதீங்க. பிள்ளைகள் ‘இல்லை, அது உயிர்’ என்று சண்டை பிடித்தால் ஆட்டத்தைத் தொடர அந்தப் பலகை வேணும்.

---

பதுளை_அடுக்கு:

மூன்றாவது பிழையை நிரல் பார்க்காமலே சொல்லலாம். ‘போன நகர்வில் ஒரு காய் பிடிபட்டதா? அப்படியென்றால் அந்தப் புள்ளி தடை’ என்று எழுதியிருப்பீங்க. அது பாதிதான். மீள்பிடித் தடைக்கு மூன்று நிபந்தனையும் சேரணும்: பிடிபட்டது சரியாக ஒரு காய், பிடித்த காய் தனிக் காய், வேறெதோடும் ஒட்டாதது, பிடித்த பிறகு அதுக்கு இருப்பது ஒரே மூச்சு. உங்க உதாரணத்தில் பிடித்த வெள்ளை மூன்று காய்த் தொகுதியில் ஒன்று. அதனால் தடை வரக் கூடாது.

நகர்வு ஒழுங்கும் முக்கியம். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்:

காய்_வை(புள்ளி, நிறம்)
 புள்ளி காலி இல்லையென்றால் பிழை
 புள்ளி மீள்பிடித் தடையென்றால் பிழை
 காயை வை
 நாலு பக்கத்து எதிரித் தொகுதிகளில் மூச்சில்லாததை எடு
 அதுக்குப் பிறகுதான் தன் தொகுதியின் மூச்சைப் பார்
 மூச்சில்லையென்றால் காயைத் திருப்பி எடு, பிழை

தன் மூச்சை முதலில் பார்த்தால் எதிரியைப் பிடிக்கிற நகர்வெல்லாம் ‘தற்கொலை’ என்று மறுக்கப்படும். டிரோம்ப்-டெய்லர் விதியிலும் நியூசிலாந்து விதியிலும் தற்கொலை நகர்வு செல்லும். பிள்ளைகளுக்குத் தடை செய்வதே நல்லது. கடைசி வரியை ஒரு விதித் தெரிவாக வைத்தால் பிறகு மாற்றலாம்.

பைதானில் இன்னொரு பொறி. பலகையை 9 லிஸ்ட்டுக்குள் 9 என்று வைத்திருந்தால், முதல் வரிசைக்கு மேலே பார்க்கும்போது சுட்டெண் −1 ஆகும். பைதான் பிழை காட்டாது, கடைசி வரிசையை எடுத்துத் தரும். மேல் ஓரக் காய்க்குக் கீழ் ஓரத்திலிருந்து மூச்சு வரும், பிடிபட வேண்டிய காய் பிடிபடாது. கீழ் ஓரத்திலும் வலது ஓரத்திலும் மட்டும் சுட்டெண் பிழை காட்டி நிற்கும். ‘மேல பிடிபடல, கீழ நிரல் விழுது’ என்று பிள்ளைகள் சொன்னால் நோய் இதுதான்.

மருந்து: பலகையைச் சுற்றி ஒரு வேலி. 11×11 = 121 இடமுள்ள ஒரே லிஸ்ட். காலி 0, கறுப்பு 1, வெள்ளை 2, வேலி 3. பக்கத்துப் புள்ளிகள் −1, +1, −11, +11. ஓரம் பார்க்கிற ‘இஃப்’ எல்லாம் போயிடும். 19×19 க்கு இதுவே 21×21 = 441.

தொகுதியைத் தேட அடுக்கு வைத்த லூப் போதும். தன்னையே அழைக்கும் ஃபங்ஷனாக எழுதி ‘ரிகர்ஷன் எரர்’ வந்தால் எல்லையைக் கூட்டாதீங்க. இயல்பான எல்லை 1000, பலகையில் இருப்பதோ 81 புள்ளி. எல்லையைத் தொட்டதென்றால் பார்த்த புள்ளியைக் குறித்து வைக்கல, ஒரே ரெண்டு காய்க்கு நடுவில் நிரல் போய்வந்து கொண்டிருக்குது.

---

ஹப்புத்தளை_19:

9×9 இல் முழுப்பலகை மீண்டும் வருவதையும் தடுக்கணும். மூன்று இடத்தில் ஒரே நேரம் மீள்பிடி இருந்தால் பதுளை_அடுக்கு சொன்ன தடை போதாது, ஆட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும் பலகையை ஒரு ‘செட்’டில் போடுங்க, புது நகர்வு பழைய நிலையைத் திரும்பக் கொண்டுவந்தால் மறுங்க.

இதில் ரெண்டு தவறு அடிக்கடி நடக்கும். பலகை லிஸ்ட்டை நகலெடுக்காமல் வரலாற்று லிஸ்ட்டில் சேர்த்தால், எல்லாப் பதிவும் ஒரே லிஸ்ட்டையே காட்டும். ஒவ்வொரு நகர்வும் ‘ஏற்கனவே வந்த நிலை’ ஆகிடும். ‘பைட்ஸ்’ ஆக மாற்றிச் சேருங்க. அடுத்தது பாஸ். பாஸ் சொன்னால் பலகை மாறாது, அதனால் இந்தச் சோதனை பாஸையே மறுத்துடும். பாஸுக்குச் சோதனையும் வேண்டாம், பதிவும் வேண்டாம்.

ஜோப்ரிஸ்ட் ஹேஷ் என்று யாராவது சொல்வாங்க. பலகை நிலையை ஒரே எண்ணாகச் சுருக்கும், 1970 இல் வந்த நல்ல உத்தி. புள்ளிக்கும் நிறத்துக்கும் ஒரு 64 பிட் எண், 9×9 க்கு 162 எண். காய் வைத்தாலும் எடுத்தாலும் எக்ஸ்ஓஆர். நொடிக்கு ஆயிரக்கணக்கான நிலையைப் பார்க்கிற எஞ்சினுக்கு அது வேணும். ரெண்டு பிள்ளைகள் விளையாடும் பலகைக்கு 121 பைட்டை அப்படியே செட்டில் போடுவதே போதும், பிழையும் வராது.

---

கொட்டகலை_பாஸ்:

நானுஓயா அண்ணா கணக்கைச் சரியாகச் சொன்னார். ஆனால் எந்த முறையை வைப்பது என்று சொல்லல. நான் பரப்பு எண்ணிக்கை என்பேன். தன் இடத்துக்குள்ளேயே காய் வைத்தாலும் புள்ளி குறையாது; ‘செத்ததா இல்லையா’ என்று வாதம் வந்தால் ஆடிப் பிடித்துக் காட்டச் சொல்லலாம், நட்டம் இல்லை. ஜப்பானிய முறையில் அப்படி நிரூபிக்கப் போனால் ஒவ்வொரு காய்க்கும் ஒரு புள்ளி போகும். 1989 ஜப்பானிய விதி செத்ததையும் உயிரையும் கற்பனை ஆட்டத்தால் தீர்மானிக்குது, அதை நிரலாக்கப் போனால் முடிவே இல்லை.

கொமி பற்றியும் ஒன்று. செக்கியும் (ரெண்டு பக்கமும் பிடிக்க முடியாமல் உயிரோடு மாட்டி நிற்கிற நிலை) ஒற்றைப்படையாக மிஞ்சும் நடுநிலைப் புள்ளியும் இல்லாத பலகையில் ரெண்டு பரப்பும் சேர்ந்தால் 81, ஒற்றைப்படை. அதனால் வித்தியாசமும் ஒற்றைப்படைதான்: 5, 7, 9. பரப்பு முறையில் 5.5 வைத்தாலும் 6.5 வைத்தாலும் கறுப்பு வெல்ல 7 வேணும். மாற்றம் தெரிய வேணுமென்றால் 7.5 க்குப் போகணும், அப்போ 9 வேணும். கொமியை அரைப் புள்ளி அரைப் புள்ளியாக மாற்றிப் பார்த்து ‘ஒன்றும் மாறல, நிரலில் பிழை’ என்று தேடாதீங்க.

---

நானுஓயா_எண்ணி:

கொட்டகலை, பிள்ளைகள் கைதிக் காயை (பிடித்த காயை) கிண்ண மூடியில் போட்டு விளையாடப் பழகியிருந்தால் அதை மாற்றச் சொல்வது கஷ்டம். நடுவழி ஒன்று இருக்கு: அமெரிக்க கோ சங்கத்தின் விதி. பாஸ் சொல்பவர் ஒரு காயை எதிராளிக்குக் கைதியாகக் கொடுக்கணும், கடைசிப் பாஸ் வெள்ளையுடையதாக இருக்கணும். அப்போ நிலத்தை எண்ணினாலும் பரப்பை எண்ணினாலும் ஒரே விடை.

டீச்சரின் ஆட்டத்தையே போட்டுப் பார்ப்போம். கறுப்பு கடைசிக் காய் வைத்தது. வெள்ளை பாஸ், 1 காய். கறுப்பு பாஸ், 1 காய். கடைசி வெள்ளையாக இருக்க வேணும் என்பதால் வெள்ளை இன்னொரு பாஸ், இன்னொரு காய். கறுப்பு 24 + 2 = 26, வெள்ளை 18 + 1 = 19. வித்தியாசம் 7, பரப்பு முறையின் அதே 7. லைப்ரரியில் ரெண்டு வரிதான் கூடும்: பாஸ் ஃபங்ஷனில் கைதிக் கணக்கு, முடிவுச் சோதனையில் ‘கடைசி பாஸ் யார்’.

செக்கி வந்தால் மட்டும் கவனம். ரெண்டு பக்கமும் உயிரோடு மாட்டி நிற்கிற அந்த நிலையில், நடுவில் உள்ள பொது மூச்சு ரெண்டு நிறத்தையும் தொடுவதால் யாருக்கும் சேராது, அது தானாகச் சரி. ஆனால் செக்கிக்குள் ஒரு பக்கத்துக்குத் தனிக் கண் இருந்தால் பரப்பு முறை அதைக் கொடுக்கும், ஜப்பானிய முறை கொடுக்காது. என் சமன்பாடு உடையும் ஒரே நியாயமான இடம் அது.

---

ஹட்டன்_பலகை:

அருமை. நிபந்தனை மூன்றையும் சேர்த்தேன், மூன்று காய் திரும்பப் பிடிபடுது. வேலியும் போட்டாச்சு, மேல் ஓரத்தில் இருந்த பிழை இதுவரை எங்க கண்ணில் படவே இல்ல!

சமன்பாட்டு டெஸ்ட் 1000 இல் 40 ஆட்டத்தில் உடையுது. பின்னால போகும் பொத்தானை டெஸ்ட்டில் சேர்க்கவேயில்லை. வேறு எங்கே பார்ப்பது?

அடுத்தது எஸ்ஜிஎஃப். சேமித்ததை வேறொரு மென்பொருளில் திறந்தால் ஆட்டம் தலைகீழாக வருது. தமிழ்ப் பெயர்கள் எல்லாம் புரியாத எழுத்தாகிடுது. செத்த காயைக் கணினியே காட்டிக் கொடுக்க வழி இருக்கா?

---

பதுளை_அடுக்கு:

40 க்குக் காரணம்: ஒரே நகர்வில் ரெண்டு தொகுதி பிடிபடும்போதோ, ஒரே தொகுதி காயை ரெண்டு பக்கத்தில் தொடும்போதோ எண்ணிக்கை தவறுது. நாலு பக்கத்தையும் முன்கூட்டியே பார்த்து, பிடிபட வேண்டிய தொகுதிகளை லிஸ்ட்டில் சேர்த்து, கடைசியில் நீளத்தைக் கூட்டுறீங்களா? அப்படியென்றால் வளைந்து வந்து ரெண்டு பக்கம் தொடுகிற தொகுதி ரெண்டு தரம் சேர்ந்திருக்கும். பலகையில் ஒரு தரம்தான் நீங்கும், கணக்கில் ரெண்டு தரம் கூடும். லிஸ்ட்டுக்குப் பதில் புள்ளிகளின் ‘செட்’ வைங்க.

இன்னொரு டெஸ்ட்டும் சேருங்க, ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும்: பலகையில் நிற்கிற காய் = வைத்த காய் − பிடிபட்ட காய், நிறத்துக்கு நிறம். சமன்பாடு ஆட்டம் முடிந்த பிறகுதான் சொல்லும். இது எந்த நகர்வில் கெட்டது என்று காட்டும்.

பின்னால போவதற்குத் தனி ஏற்பாடு வேண்டாம். நகர்வு லிஸ்ட்டில் கடைசியை வெட்டிவிட்டு, வெறும் பலகையிலிருந்து மீண்டும் ஆடச் செய்யுங்க. 9×9 இல் ஒரு ஆட்டம் 60, 70 நகர்வு. பழைய கணினியிலும் கண் இமைக்கும் நேரம்.

---

பண்டாரவளை_கோப்பு:

தலைகீழ் விஷயம் எளிது. எஸ்ஜிஎஃப் மேல் இடது மூலையிலிருந்து எண்ணும்: முதல் எழுத்து நெடுவரிசை, ரெண்டாவது மேலிருந்து வரிசை. எஞ்சின்களோடு பேசும் ஜிடிபி முறை கீழ் இடது மூலையிலிருந்து எண்ணும். 9×9 இல் எஸ்ஜிஎஃப்பின் ‘சிஜி’ என்றால் மூன்றாம் நெடுவரிசை, மேலிருந்து ஏழாவது; கீழிருந்து 9 − 7 + 1 = 3. ஜிடிபியில் அது சி3.

அதோட இன்னொரு வில்லங்கம்: ஜிடிபியில் ‘ஐ’ எழுத்தே கிடையாது. எச்சுக்கு அடுத்தது ஜே. எஸ்ஜிஎஃப்பில் ஐ உண்டு. எஸ்ஜிஎஃப்பின் ‘ஐசி’ ஜிடிபியில் ஜே7. இதை மறந்தால் பலகையின் கடைசி நெடுவரிசை மட்டும் பிழையாகும், மற்ற எட்டும் சரியாக இருக்கும். நடுவில் மட்டும் காய் வைத்துச் சோதித்தால் மாதக் கணக்கில் தெரியாது. சோதனைக்கு நடுப்புள்ளியை எடுக்காதீங்க, எப்படித் திருப்பினாலும் அது அங்கேயே இருக்கும். ஐசி மாதிரி ஒழுங்கற்ற புள்ளி எடுங்க.

இதையெல்லாம் கையால் எழுதாமல் எஸ்ஜிஎஃப்மில் என்ற பைதான் லைப்ரரியைக் கோப்பு வேலைக்கு எடுங்க. அது புள்ளியை வரிசை, நெடுவரிசை என்ற ஒழுங்கில், கீழ் இடது மூலையை 0, 0 ஆக வைத்துத் தரும்; சி3 என்பது 2, 2. அதில் ஒரு பலகையும் இருக்கு, பரப்பு எண்ணும் ஃபங்ஷனும் இருக்கு. உங்க எண்ணிக்கையை அதோட ஒப்பிட்டுப் பார்க்க நல்ல சாட்சி. ஆனால் அந்தப் பலகை மீள்பிடியைத் தடுக்காது, தற்கொலையையும் விடும், எல்லாக் காயும் உயிர் என்று எண்ணும், கொமியைச் சேர்க்காது. விதி காப்பது உங்க நிரலின் வேலையாகவே இருக்கட்டும்.

தமிழ் எழுத்து: எஸ்ஜிஎஃப்பின் நாலாம் வடிவத்தில் எழுத்துமுறை குறிக்காவிட்டால் லத்தீன்-1 என்று எடுத்துக்கொள்ளணும். ‘சிஏ’ என்ற பண்பில் யூடிஎஃப்-8 என்று எழுதினால்தான் பெயர் தப்பும். விண்டோஸில் கோப்பைத் திறக்கும்போதும் யூடிஎஃப்-8 என்று சொல்லணும், இல்லையென்றால் எழுதும்போதே பிழை வரும். எஸ்ஜிஎஃப்மில் தருவது பைட். அதைப் பைனரி முறையில் எழுதிடுங்க, பிரச்சினை முடிந்தது.

நீங்க மாறிகளுக்கும் தமிழ்ப் பெயர் வைத்திருப்பீங்க என்று நினைக்கிறேன். பைதான் 3 அதை ஏற்கும், சந்தோஷம். ஒரு பொறி மட்டும். ‘கொமி’ என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலுமாக ரெண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே. மாறிப் பெயரில் பைதான் ரெண்டையும் ஒன்றாக்கிடும். ஆனால் மேற்கோளுக்குள் உள்ள சொல்லை, அகராதியின் திறவுச்சொல்லை அது தொடாது. ஒருவர் ஒரு கீபோர்ட்டில் அமைப்புக் கோப்பு எழுதி, இன்னொருவர் வேறு கீபோர்ட்டில் நிரல் எழுதினால் ‘கொமி’ இருந்தும் இல்லை என்று வரும். கோப்பிலிருந்து வாசிக்கும் எதையும் ‘யூனிகோட்டேட்டா’ மூலம் என்எஃப்சி (குறிகளை ஒன்றாக்கிய வடிவம்) ஆக்கிவிட்டுத் தேடுங்க.

கோப்பை ஒவ்வொரு நகர்வுக்கும் சேமியுங்க. மார்ச், ஏப்ரல் பின்னேர இடியில் கரண்ட் போனால் பாதி எழுதிய கோப்பு மிஞ்சும். முதலில் தற்காலிகக் கோப்பில் எழுதி மூடி, பிறகு பெயரை மாற்றுங்க. பைதானின் ‘ஓஎஸ்’ மாட்யூலில் உள்ள ‘ரீப்ளேஸ்’ பழைய கோப்பு இருந்தாலும் மேலே போட்டுவிடும்.

---

ஹப்புத்தளை_19:

செத்த காய்க்கு க்னூ கோ என்ற கோ ஆடும் நிரல் போதும். 3.8 பதிப்பு 2009 இல் வந்தது, பழைய கணினியிலும் ஓடும், கிராஃபிக்ஸ் கார்ட் தேவையில்லை. ஜிடிபி முறையில் திறந்து, பலகை அளவு, பலகையைத் துடை, கொமி, பிறகு நகர்வுகளை ஒவ்வொன்றாக அனுப்பி, கடைசியில் ‘ஃபைனல் ஸ்டேட்டஸ் லிஸ்ட் டெட்’ என்று கேளுங்க. செத்த காய்களின் புள்ளிகளைத் தரும்.

சேர்க்கும்போது எல்லாரும் மாட்டுவது ஒரே இடத்தில்: நிரல் அப்படியே உறைந்து நிற்கும். ஒன்று, அனுப்பிய வரியை ‘ஃப்ளஷ்’ செய்யாமல் காத்திருப்பது. மற்றது, பதிலில் ஒரு வரியை மட்டும் வாசிப்பது. ஜிடிபி பதில் சமக்குறியில் தொடங்கினால் சரி, கேள்விக்குறியில் தொடங்கினால் பிழை. வெற்று வரி வரும்வரை வாசிக்கணும். செத்த தொகுதி மூன்று இருந்தால் மூன்று வரி வரும். ஒன்றை மட்டும் வாசித்தால் மிச்சம் அடுத்த கேள்விக்குப் பதிலாக வந்து நிற்கும்.

அது சொல்வதை முடிவாக எடுக்காதீங்க. திரையில் மங்கலாகக் காட்டி, ரெண்டு பிள்ளைகளும் ஒத்துக்கொண்ட பிறகு எண்ணுங்க. தப்பாகச் சொன்னால் தொகுதியைத் தொட்டு மாற்ற விடுங்க. ஒரு காயைத் தொட்டால் தொகுதி முழுதும் மாறணும், காய் காயாக அல்ல.

இணையம் இல்லாத கணினிக்கு: விண்டோஸ் 7 க்குப் பைதான் 3.8 தான் கடைசி, 3.9 நிறுவவே விடாது. இணையம் உள்ள இடத்தில் அதே 3.8 போட்ட கணினியில் ‘பிப் டவுன்லோட்’ செய்து பென் டிரைவில் எடுங்க. பதிப்பு வேறாக இருந்தால் பிப் அந்தப் பதிப்புக்கு ஏற்ற கோப்பை எடுத்து வைத்துவிடும், ஆய்வுகூடத்தில் போடும்போதுதான் தெரியும். அங்கே நிறுவும்போது ‘நோ இன்டெக்ஸ்’, ‘ஃபைன்ட் லிங்க்ஸ்’ ரெண்டையும் கொடுத்து பென் டிரைவ் அடைவைக் காட்டுங்க. எஸ்ஜிஎஃப்மில் சுத்தப் பைதான், கம்பைலர் தேவையில்லை.

---

ஹட்டன்_பலகை:

ரெண்டு தரம் கூடிய தொகுதிதான் காரணம். செட்டுக்கு மாற்றினேன், 1000 இலும் சமன்பாடு நிற்குது. மூலை ஆட்டத்திலும் அந்த 13 போயிடுச்சு.

விதிக்கு நானுஓயா அண்ணா சொன்ன பாஸ் காய் முறையை எடுக்கிறோம், கிண்ண மூடிப் பழக்கம் மாறாது. காய் எண்ணிக்கை மட்டும் இடிக்குது: 41 கறுப்பு, 40 வெள்ளைச் சட்டைப் பொத்தான்தான் ஒரு பலகைக்குக் கட்டி வைத்திருக்கோம். பாஸுக்குக் கொடுக்கக் காய் தீர்ந்துபோகுமா?

---

கொட்டகலை_பாஸ்:

தீராது டீச்சர். உங்க ஆட்டத்தில் வெள்ளை வைத்ததே 27, பாஸுக்கு 2, மொத்தம் 29. மூடியில் கிடக்கும் கைதிக் காயை எடுத்துத் திரும்ப விளையாட மட்டும் விடாதீங்க, கணக்கு அங்கேதான் கெடும். நீண்ட ஆட்டத்தில் காய் முடிந்தால் ரெண்டு மூடியிலிருந்தும் சம எண்ணிக்கையில் மாற்றிக்கொள்ளலாம், வித்தியாசம் மாறாது.

எஸ்ஜிஎஃப்பில் பாஸ் எழுதும்போது சதுர அடைப்புக்குள் எதுவும் வைக்காமல் விடுங்க. பழைய கோப்புகளில் அதுக்குப் பதில் ‘டிடி’ (tt) என்று இருக்கும். அதை வாசிக்கும்போது பலகைக்கு வெளியே உள்ள புள்ளி என்று நிரல் விழக் கூடாது.